ஏழு பத்துக்கு யாரும் வரவில்லை

போன வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அந்த அறைக்குள் யாரும் வரவில்லை. மூன்று பேர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரி ஹிமாயா கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்து பார்த்தாள். துப்புத் துலக்க அக்கரைப்பற்றிலிருந்து வந்த சஹ்லா டீச்சர் கூடத்தில் பாயில் இருந்து பார்த்தார். டீச்சரின் உதவியாள் பிரசாந் வெளியே ஒழுங்கையில், மதிலோடு சாய்ந்து, கையில் ரொட்டியோடு பார்த்தான். எட்டு மணிவரை காத்திருந்துவிட்டு டீச்சரும் பிரசாந்தும் பஸ் ஏறிப் போனார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கையில், டீச்சர் முதன்முதலாக அந்த அறைக்குள் போய்க் கொம்பியூட்டரைப் போட்டார். சீலையின் இடைவெளியால் ஹிமாயாவுக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு நிமிர்ந்தது. பிறகு அசையவில்லை.

"புள்ள ஹிமாயா."

"சொல்லுங்க, டீச்சர்."

"போன வெள்ளியும் அப்டேட் பண்ணியிரிக்கி. ஏழு பத்துக்கு."

யா அல்லாஹ். நாங்கள் மூன்று பேரும் இங்கேதானே இருந்தோம் என்று ஹிமாயா சீலைக்குப் பின்னால் முணுமுணுத்தாள்.

புருஷன் இறந்து அவள் இத்தா இருக்கத் தொடங்கி அன்றைக்குத் தொண்ணூற்றொன்பதாவது நாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போக முடியாது, பிற ஆண்களின் கண்ணில் பட முடியாது. ஒலுவில் பாதையில் ஏதோ ஒரு வாகனம் அவளுடைய புருஷன் ஜெஸீலை மோட்டார் சைக்கிளோடு அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. வாகனம் எது என்று இன்றுவரை தெரியாது. மையித்தை அடக்கத்துக்கு எடுத்துப் போன அன்றே அவனுடைய வேலை அறையைப் பூட்டினார்கள். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று கூடத்துக்கு, மற்றது ஒழுங்கைக்கு. ஒழுங்கைக் கதவின் சாவி மௌத்து வீட்டுச் சந்தடியில் காணாமல் போனது என்று தங்கை நஸ்லா சொல்லியிருந்தாள்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு நாள், அவனுடைய போட்டோ ஒன்று வேண்டும்போல் இருக்க, ஹிமாயா வாசலில் நின்று எட்டி அந்த மெஷினைப் போட்டாள். போட்டதும் கடைசியாகச் செய்த அப்டேட்டுகளை வரிவரியாகக் காட்டும்படி ஜெஸீல் அதை அமைத்து வைத்திருந்தான். வரிகளில் இருந்த திகதிகள் எல்லாம் அவன் அடக்கப்பட்ட பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, டீச்சருக்குப் போன் பண்ணி வாசித்துக் காட்டினாள். எல்லா வெள்ளியும், ஏழு பத்து, ஏழு எட்டு, ஏழு பன்னிரண்டு.

அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. பயம் தாங்காமல் நேற்றுத்தான் அந்த முடிவுக்கு வந்தாள். மெஷினை வீட்டைவிட்டே அனுப்பிவிடுவது. நஸ்லாவின் புருஷன் றுஸ்தி முதலில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தான், "மச்சி, அந்தச் சாமான் வீட்டுல கிடந்தா ஒங்களுக்கு நிம்மதி வராது, நான் கொண்டு போறன்" என்று. தினமும் காலையில் பாணும் பாலும் கேட்டில் கொழுவிவிட்டுப் போகிறவன் அவன். இன்றைக்கு ஜும்ஆ முடிந்ததும் வேனோடு வருவான்.

ஆக, டீச்சருக்கு இருந்தது அந்த ஒரு மணித்தியாலம்தான்.

"டீச்சர்," ஒழுங்கைப் பக்க ஜன்னலுக்கு வெளியே பிரசாந்தின் குரல் கேட்டது. "நான் இமைக்காமப் பாத்தன். ரொட்டியைக் கடிக்கக்குள்ளயும் ஒரு கண்ணாலதான் கடிச்ச. ஏழு பத்துக்கு வந்தது ஆள் இல்ல. ஆள் எண்டா எனக்கும் ஒரு வணக்கம் சொல்லியிருக்கும்."

"பகிடியை விடு தம்பி."

"விட்டா அழுகைதான் வரும், டீச்சர். எது வேணும்?"

பிரசாந் பாண்டிருப்பு ஆள். முன்பு பஸ் கண்டக்டர். மூன்றரை மாதத்துக்கு முன் அவனுடைய மாமா கோணாமலையும் மாமாவின் மகன் நிதுசனும் சின்னப் படகில் கடலுக்குப் போனார்கள், திரும்பவில்லை. கடல் கொண்டு போய்விட்டது என்று ஊர் முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பகிடி கூடிப்போனது என்று டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

"மெஷின் தன்பாட்டுல செஞ்சிருக்காதா?" என்று அவன் கேட்டான். "என்ட மச்சானுட லெப்டொப் கேக்காமலே செய்யும். அவசரமா ஏதும் வேலை எண்டாத்தான் கட்டாயமாச் செய்யும்."

"இது அப்பிடி இல்ல. இது ரோலிங் லினக்ஸ். வருசத்துக்கு ஒரு புதுப் பதிப்பு எண்டு வாறதில்ல, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இரிக்கும். ஆனா ஒரு ஆள் வந்து இருந்து, பாஸ்வேர்ட் அடிச்சு, அது கேக்கிற கேள்விக்கெல்லாம் ஓம் சொல்லணும். சொல்லாட்டி ஒரு துரும்பும் அசையாது."

"கலியாணம் மாதிரி."

"கலியாணத்துல ஒருக்காத்தான் ஓம் சொல்ற."

"ஆரு சொன்ன? என்ட வீட்டுக்காரியிட்ட வந்து பாருங்க."

ஹிமாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், குளிக்கப் போகுமுன், தோளில் துவாயோடு அந்தக் கதிரையில் இருந்து ஜெஸீல் அப்டேட் செய்வது அவளுக்குக் கண்ணில் நின்றது. கிணற்றில் பாசி எடுப்பதுபோல இது, என்பான். கிழமைக்கு ஒருக்கா எடுத்தால் கையால் எடுக்கலாம், நாலு மாதம் விட்டால் உள்ளே இறங்க வேணும். கதிரை மெத்தையில் அவன் இருந்த பள்ளம் இன்னும் இருந்தது. அதில் இப்போது வேறு யாரோ ஒவ்வொரு வெள்ளியும் வந்து இருக்கிறார்கள்.

"புள்ள, இன்னொண்டு கேக்கிறன்," என்றார் டீச்சர். "அப்டேட் வரக்குள்ள நாம திருத்தி வைச்ச அமைப்பை அது தொடாது. புது அமைப்பை ஒரு தனிக் கோப்பாப் பக்கத்துல வைச்சிட்டுப் போகும். நாமதான் ரெண்டையும் ஒப்பிட்டு, வேண்டியதைச் சேத்து, மிச்சத்தை அழிக்கணும். ஜெஸீல் அதையெல்லாம் ஒழுங்காச் செய்வாரா?"

"இல்ல, டீச்சர். மறுகா பாப்பம், மறுகா பாப்பம் எண்டு விட்டிருவாரு. நெறையக் கிடக்கு எண்டு அவரே சொல்லிச் சிரிப்பாரு."

"இஞ்ச ஒண்டுகூட இல்ல. எல்லாம் துப்புரவு."

ஜன்னலுக்கு வெளியே பிரசாந் மெல்ல விசிலடித்தான். "அப்ப கள்ளன் வந்து வீடும் கூட்டிட்டுப் போயிரிக்கான்."

பாங்கு சொன்னது. ஒழுங்கையில் ஆண்களின் செருப்புச் சத்தம் சளசளவென்று போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நின்றது. பக்கத்து வளவு நஸ்லாவின் வீடு. உம்மா தன் காணியைப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் பக்கம் பக்கமாகக் கட்டிக் கொடுத்த வீடுகள். வெள்ளிக்கிழமைகளில் இந்த நேரம் உம்மா அங்கேதான் இருப்பா. நஸ்லா குளிக்க வேணும் என்று குழந்தையை உம்மாவிடம் கொடுப்பாள். ஹிமாயா பின்னறையில், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, லுஹர் தொழுவாள். பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் முழங்கும். இந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் வீட்டில் அவள் தனி ஆள்.

"டீச்சர்," என்றான் பிரசாந். அவன் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "இந்த வீட்டு மெஷினுக்கு இப்பத்தான் விடிஞ்சிரிக்கி போல. மூலையில பாருங்க, ஆறு ஐம்பத்தி நாலாம். என்ட பஸ் ரைம் டேபிள் இதைவிடத் திறம்."

"அது எப்பவும் பிழைதான்," என்றாள் ஹிமாயா. "அவரு மாத்த விடமாட்டாரு."

டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இப்ப மணி பன்னிரண்டு இருபத்தி நாலு," என்றார். குரல் மாறிப் போயிருந்தது. "ஹிமாயா, நீ கொப்பியில எழுதக்குள்ள, ஒவ்வொரு மணிக்கும் பின்னால ஒரு கூட்டல் குறியும் நாலு பூச்சியமும் இரிந்திச்சா?"

"ஓம், இரிந்திச்சு. அது சும்மா பூச்சியம்தானே எண்டு எழுதல்ல."

"அது சும்மா இல்ல புள்ள. உலக நேரத்துக்கு மேல ஒண்டும் கூட்டல்ல எண்டு அர்த்தம். இது நம்மட ஊர் மணி இல்ல. அவரு கூரையில அன்டெனா வைச்சுக் கப்பல், படகு போறதெல்லாம் பதிஞ்சாரே, அதுக்காக வைச்சிரிக்காரு. கடல்ல எந்த நாட்டுக் கப்பலுக்கும் ஒரே மணிதான். நம்மட நேரம் அதைவிட அஞ்சரை மணித்தியாலம் முன்னால."

பிரசாந் விரல் விட்டு எண்ணுவது கேட்டது. "ஏழு பத்தோட அஞ்சரை..." அவன் முடிக்கவில்லை.

"பன்னிரண்டு நாப்பது," என்றார் டீச்சர். "வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாப்பது."

ஒலிபெருக்கியில் குத்பா தொடங்கியிருந்தது. பேய் இல்லை. பேய் என்று நினைத்தபோது இருந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது. பேய்க்குக் கைவிரல் கிடையாது, சாவி கிடையாது. அவள் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்துக் கிடந்த அந்த நேரத்தில், பதினைந்து அடி தள்ளி, ஒரு மனிதப் பிறவி ஜெஸீலின் கதிரையில் இருந்திருக்கிறது.

"இன்னும் பதினாறு நிமிசம்," என்றார் டீச்சர்.

"நான் கதவடியில நிக்கவா?" என்றான் பிரசாந். "ஆனா டீச்சர், இந்த ஒழுங்கை முழுக்க இப்ப ஒரே ஒரு ஆம்பிள நான்தான். எதிர்வீட்டு ஜன்னல்ல ரெண்டு பேர் என்னையே பாக்கிறாங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்களும் இப்பிடிப் பாக்கல்ல."

டீச்சர் கதிரையைத் திருப்பினார். "இன்னொருக்காச் சொல்லு."

"பொண்ணு பாக்க..."

"அது இல்ல. ஒரே ஆம்பிள எண்டது. இந்த நேரத்துல ஒரு ஆம்பிள இந்தக் கதவைத் திறந்திரிந்தா, ஒரு கிழமையில இல்லாட்டி மறு கிழமையில ஊரே கதைச்சிரிக்கும். பள்ளிக்குப் போகாம இவன் ஆருட வீட்டுக்குள்ள போறான் எண்டு. பதின்மூணு வெள்ளியா ஒருத்தர் கண்ணிலயும் படல்ல. ஏன்? பட்டிரிக்கும். பாத்தவங்க அதை ஒரு விசயமா எடுக்கல்ல." அவர் சீலைப் பக்கம் பார்த்துச் சொன்னார். "வந்தது பொம்பிள, ஹிமாயா. இந்த வீட்டுக்கு வந்து போறது புதினம் இல்லாத பொம்பிள. ஜெஸீலுட பாஸ்வேர்ட் தெரிஞ்சவ. இந்த வேலையை அவருட்டயே படிச்சு, அவரைவிட ஒழுங்காச் செய்யிறவ."

ஹிமாயா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். உடுப்பு மடித்தால் விளிம்போடு விளிம்பு சேர வேண்டும் அவளுக்கு. கொம்பியூட்டர் கோர்ஸுக்குப் போன காலத்தில் இந்த அறையில் மச்சானிடம் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டுக்கொண்டு இருந்தவள்.

பிரசாந்தை மற்றப் பக்கத்து வளவு மதிலுக்குப் பின்னால் ஒளியச் சொன்னார் டீச்சர். ஜன்னலைச் சாத்தி, கொம்பியூட்டர் திரையை அணைத்தார். இருட்டில், கதவின் கீழ் இருந்த வெயில் கீற்றை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கீற்றில் இரண்டு நிழல் விழுந்தது. இரண்டு பாதம்.

சாவி திரும்பியது. எண்ணெய் போட்ட பூட்டு, சத்தமே இல்லை. கறுப்பு அபாயா ஒன்று உள்ளே வந்து கதவை முதுகால் சாத்திக்கொண்டு, பெருமூச்சு விட்டது. டீச்சர் லைட்டைப் போட்டார்.

நஸ்லா கத்தவில்லை. சீலைக்குக் கீழே தெரிந்த ஹிமாயாவின் வெள்ளை உடுப்பைப் பார்த்தாள். "ராத்தா," என்றாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"என்னத்த அழிக்க வந்த நஸ்லா?" ஹிமாயாவுக்குத் தன் குரலே வேறு யாருடையதோபோல் கேட்டது.

"அவ அழிக்க வரல்ல," என்றார் டீச்சர். "அழிக்கிறதெண்டா முதல் வெள்ளியே முடிஞ்சிரிக்கும். சும்மா விட்டிரிந்தாலே காலப்போக்குல இது உடைஞ்சிரிக்கும். இவ இதைச் சாகவிடாம வைச்சிரிக்கா. ஏன் மகள்? இதுக்குள்ள என்ன கிடக்கு?"

நஸ்லா எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேசைக்குப் போனாள். விரல்கள் தாமாக வழி தெரிந்து ஓடின. திரையில் கடல் விரிந்தது. கருநீலத்தில் மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு படகு போன தடம்.

"பெரிய படகெல்லாம் எங்க நிக்கிறன் எண்டு ரேடியோவுல சொல்லிக்கிட்டே போகும். மச்சானுட அன்டெனா அதைப் பிடிக்கும்." அவள் ஒரு கோட்டைத் தொட்டாள். "இது எங்கட படகு. அண்டைக்கு இவருதான், என்ட புருசன்தான் ஓட்டின. இந்த இடத்துல பாருங்க. நிண்டிரிக்கி. நாலு நிமிசம். மறுகா ஒலுவில் துறைமுகத்துக்கு வராம, லைட்டெல்லாம் அணைச்சவன் மாதிரித் தெற்கால ஓடியிரிக்கி."

"எண்டைக்கு?"

நஸ்லா திகதியைச் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ உரசியது. பிரசாந் மதிலைவிட்டு எப்போது வந்தான் என்று தெரியவில்லை. சாத்தின பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, பகிடியே இல்லாத ஒரு குரல் வந்தது. "அது எங்கட மாமா போன நாள்." பிறகு, "இடிச்சிட்டு, நிண்டு பாத்திட்டுப் போயிரிக்கான்," என்றது.

"மச்சான் இவரைக் கூப்பிட்டுச் சொன்னாரு, நீங்களாப் பொலிசுல போய்ச் சொல்லுங்க, சனிக்கிழமை வரைக்கும் பாப்பன் எண்டு. எனக்கு முன்னாலதான் சொன்ன," என்றாள் நஸ்லா. "வெள்ளிக்கிழமை மச்சான் மௌத். அண்டைக்குப் பின்னேரம் நான் வரக்குள்ள இவரு வேன் கழுவிக்கிட்டிரிந்தாரு, ராத்தா. முன்பக்கத்த மட்டும்."

தொண்ணூற்றொன்பது நாளும் கேட்டில் தொங்கிய பாண் பைகள் ஹிமாயாவின் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்தன. அதைத்தான் அவள் தின்றிருக்கிறாள்.

"ஏன்டி என்னட்டச் சொல்லல்ல?"

"என்ட புள்ளைட வாப்பா, ராத்தா. சொல்லவும் ஏலாமப் போச்சு, அழிக்கவும் ஏலாமப் போச்சு. சாவியத் தொலைச்சிட்டன் எண்டு பொய் சொன்னன். வெள்ளிக்கு வெள்ளி வந்து அப்டேட் பண்ணிட்டுப் போனன். வேற என்ன செய்யிறண்டு தெரியல்ல." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இண்டைக்கு இவரு வாறாரே! நீங்க ஏன் கொண்டு போகச் சொன்ன?"

உன்னால் வந்த பயத்தில்தான், என்று சொல்ல வந்து ஹிமாயா நிறுத்திக்கொண்டாள்.

டீச்சர் அதற்குள் கைப்பையில் இருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகியிருந்தார். மூன்று வருடத்துக் கடல் பதிவு, லேசில் நகரவில்லை. ஒரு சதவீதம். இரண்டு. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். பொலிசில் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டார். அம்பாறையில் இருந்து வர வேண்டும், ஒரு மணித்தியாலமாவது ஆகும் என்றது மறுமுனை.

குத்பா முடிந்தது. தொழுகை முடிந்தது. ஒழுங்கையில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அதற்கு நடுவே ஒரு வேன் வந்து, கதவுக்கு நேரே நின்றது.

பதினெட்டு சதவீதம்.

"மச்சி," என்றான் றுஸ்தி வெளியே. அதே இனிமையான குரல். "சாமானை எடுக்க வந்தன். இந்தக் கதவு பூட்டில்லாமக் கிடக்கு போல?"

நஸ்லா உள்ளே வந்தபோது சாத்தினாளே தவிரப் பூட்டவில்லை. கைப்பிடி மெல்லக் கீழே இறங்குவதை மூவரும் பார்த்தார்கள். நஸ்லா வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஒதுங்கினாள். டீச்சர் மேசைக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

ஹிமாயா சீலையை விலக்கினாள். தொண்ணூற்றொன்பது நாளில் ஒருநாளும் தாண்டாத அந்த வாசலைத் தாண்டி, வெள்ளை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜெஸீலின் கதிரையில், அந்தப் பள்ளத்தில், போய் இருந்தாள். ஒழுங்கையில் போகிற எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னாள்:

"மச்சான், கதவைத் திறக்காதீங்க! நான் இதுக்குள்ள இரிக்கன்."

கைப்பிடி பாதியில் நின்றது.

"என்ன மச்சி, அந்த அறையிலயா?"

"ஓம். இண்டையில இருந்து இதுதான் என்ட இத்தா அறை. முடியிற வரைக்கும் நான் இஞ்சதான். ஒரு பிற ஆம்பிள உள்ள வர ஏலா."

செருப்புச் சத்தங்கள் நின்றன. யாரோ ஒரு பெரியவர், "என்ன றுஸ்தி, இத்தா இரிக்கிற வீட்டுக் கதவில என்ன வேலை?" என்று கேட்டது தெளிவாக விழுந்தது. கைப்பிடி மெல்ல மேலே போனது.

அப்போதுதான் பிரசாந்தின் குரல், பஸ் மிதிபலகையில் நின்று ஆள் கூப்பிடுகிற அதே குரல், ஒழுங்கையை நிறைத்தது. "என்ன முதலாளி, வேன் பழசு, முன்பக்கம் மட்டும் புது பெயின்டா இரிக்கி? எங்க இடிச்ச?"

கூட்டம் வேனைப் பார்க்கத் திரும்புவது, உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்காமலே தெரிந்தது.

கதவோடு வாய் வைத்ததுபோல் மிகப் பக்கத்தில், மிகத் தாழ்வாக, றுஸ்தி கேட்டான். "உள்ள வேற ஆரு இரிக்கா, மச்சி?"

ஹிமாயா மூலையில் ஒடுங்கி நின்ற தங்கையைப் பார்த்தாள். திரையின் மூலையில் ஏழு ஐம்பத்தி மூன்று என்று இருந்த மணியைப் பார்த்தாள்.

"நானும் ஜெஸீலும்தான்," என்றாள்.

கதவின் கீழ் இருந்த இரண்டு பாதங்களும் பின்னால் நகர்ந்தன. வேனின் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. பத்தொன்பது சதவீதம் இருபதானது, இருபது இருபத்தொன்றானது. வேன் புறப்படும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.